வழி விட்டவர்கள்

செல்வமுருகனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஊர்வம்பும் கிடையாது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை. காலையில் திறந்தால் இருட்டுகிற வரைக்கும் அங்கேயேதான். அவனுக்கு இருந்த ஒரே பித்து, வண்டிகளின் தலையில் சுழலும் எச்சரிக்கை விளக்குகள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் ஜீப் என்று எதில் இருந்ததானாலும் சரி, பழையதாக இருக்க வேண்டும், இப்போது கிடைக்காததாக இருக்க வேண்டும். தேடிப் பிடித்து வாங்கிவிடுவான்.

"ஊரு உலகத்துல பொம்பளைங்களுக்குப் புருஷன்மேல சந்தேகம் வரும். எனக்கு பல்பு மேல வருது" என்பாள் அவன் மனைவி தமயந்தி. கேலிதான், கோபமில்லை.

கடையின் பின்னறையில் சுவரோரமாக மரத்தட்டுகள் அடித்து முப்பத்தேழு விளக்குகளை அடுக்கியிருந்தான். வெளிறிப்போன பிளாஸ்டிக் குமிழ்களைப் பற்பசை தொட்டுப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவான். உள்ளே கண்ணாடியைச் சுற்றவைக்கும் சின்ன மோட்டாரைக் கழற்றி, இறுகிப்போன கிரீஸை வழித்தெடுத்து, புதுக் கிரீஸ் வைத்து, பேட்டரியில் கொடுத்துப் பார்ப்பான். ஒரு முனகலோடு அது சுற்ற ஆரம்பிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். மந்திரி, அதிகாரி கார்களின் தலையிலிருந்து சிவப்பு விளக்கைக் கழற்றச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்ட வருஷத்தில் ஒரு பெட்டி நிறையச் சிவப்பு விளக்குகள் அவனிடம் வந்து சேர்ந்தன. அவற்றை அவன் மதிக்கவில்லை. "இதெல்லாம் அதிகாரத்துக்கு வச்சது. உசிருக்கு வச்ச விளக்குதான் விளக்கு" என்று சொல்லிப் பாதியைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டான்.

அப்படிச் சொன்னவன்தான் அந்தக் காரியத்தையும் செய்தான்.

மே மாதம், சீசன் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை. காலை பத்தரை மணிக்கு வத்தலக்குண்டிலிருந்து பழைய இரும்பு வியாபாரி திருமலைச்சாமி போன் பண்ணினார்.

"முருகா, மூடிப்போன மில்லு ஒன்னோட தீயணைப்பு வண்டி உடைக்க வந்திருக்கு. மேல ஒரு லைட்டு இருக்குப்பா. சிவப்புக் கண்ணாடி. உள்ள நாலு பல்பு நாலு திக்கப் பாத்து நிக்குது. நீ சொல்லுவியே, அதுதானான்னு பாரு. போட்டோ அனுப்பியிருக்கேன்."

செல்வமுருகன் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். அதேதான். குமிழ் பிளாஸ்டிக் இல்லை, ஊதிச் செய்த அசல் கண்ணாடி. பத்து வருஷமாக அவன் படத்தில் மட்டுமே பார்த்திருந்த நாலுகண் விளக்கு.

"எடுத்து வைங்கண்ணே, இந்தா கிளம்பிட்டேன்."

"எடுத்தெல்லாம் வைக்க முடியாது. மதுரைக்காரருக்கும் போட்டோ போயிருச்சு. ஒரு மணிக்கு வாரேன்னிருக்காரு. முதல்ல யாரு வந்து நிக்கிறாகளோ அவுகளுக்குத்தான். வெரசா வா."

மதுரைக்காரர் அவனைப் போலவே விளக்குச் சேர்ப்பவர். இதற்கு முன்பு இரண்டு முறை அவனை முந்திக்கொண்டவர். செல்வமுருகன் கடையை அப்படியே சாத்திவிட்டுத் தன் வெள்ளை ஜீப்பை எடுத்தான்.

சீசன் சனிக்கிழமையில் மலைப்பாதை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாததில்லை. வெள்ளி அருவியைத் தாண்டியதும் வண்டி நின்றது. மேலே ஏறுகிற கார்கள் பொறுமையில்லாமல் ஒன்றை ஒன்று முந்தி இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நின்றன. இறங்குகிற வண்டிகளுக்கு இடமே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு முழம் நகரும். பதினொன்றே முக்கால் ஆகியும் பெருமாள்மலை வரவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்து சாலையை மூடிக்கொண்டிருந்தது.

பின்சீட்டில் ஒரு நீல விளக்கு கிடந்தது. முந்தின நாள்தான் சரிசெய்து முடித்திருந்தான். அடியில் காந்தம் வைத்தது, எங்கே வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

அவன் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டான் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அதுவும் உண்மையில்லை. ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தான். அடுத்த திருப்பம் மட்டும் தாண்டினால் போதும் என்று யோசித்தான். கையை வெளியே நீட்டி விளக்கைக் கூரைமேல் வைத்தான். ஒயரை உள்ளே கொடுத்தான். முகப்பு விளக்குகளைப் போட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வண்டியை வலது பக்கமாக ஒடித்தான்.

மஞ்சுக்குள் நீல ஒளி சுழன்றது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அடைத்துக்கொண்டு நின்ற அத்தனை வண்டிகளும் விலகின. கேரளத்துப் பஸ் ஒன்று மலைச்சுவரை உரசிக்கொண்டு ஒதுங்கியது. ஒரு கார்க்காரர் இறங்கி ஓடி முன்னால் நின்ற வண்டிகளின் பானட்டைத் தட்டி, "ஏலே, ஒதுங்குலே! ஆஸ்பத்திரி வண்டிலே!" என்று கத்திக்கொண்டே வழி ஏற்படுத்திக் கொடுத்தார். ஒரு காரின் முன்சீட்டில் இருந்த அம்மா அவன் கடக்கும்போது கண்ணை மூடிக் கைகூப்பினாள். அவனுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் நிறுத்தவில்லை. இன்னும் சொல்லப்போனால், பார்க்கிறவர்கள் சந்தேகப்படக் கூடாதென்று முகத்தையும் அவசரக்காரன் முகமாக வைத்துக்கொண்டான்.

பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் பத்துப் பதினோரு தள்ளுவண்டிக் கடைகள் வரிசையாக இருக்கும். காரட், பிளம்ஸ், வேகவைத்த மக்காச்சோளம். அந்த வளைவில் ஏறுகிற வண்டிகள் அவனுக்காக ஓரம் ஒதுங்க, கடைக்காரர்களும் தள்ளுவண்டிகளைப் பின்னுக்கு இழுத்தார்கள். அவன் கடந்த அடுத்த நொடி, பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும் அதோடு சேர்ந்து ஒரு பெண்ணின் அலறலும் கேட்டன. கண்ணாடியில் பார்த்தான். மஞ்சுக்கு நடுவே குபீரென்று ஆவி எழுந்துகொண்டிருந்தது.

பிரேக்கில் கால் போனது. பாத்திரம்தான் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். கால் ஆக்ஸிலரேட்டருக்கே திரும்பி வந்துவிட்டது.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தான். மதுரைக்காரர் அப்போதுதான் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். திருமலைச்சாமி சொன்ன சொல் மாறாமல் விளக்கைச் செல்வமுருகன் கையில் கொடுத்தார். குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டான். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. அந்த நேரத்தில் அவனுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிற்பாடு நினைக்க நினைக்க அவனால் தாங்க முடியாமல் போனது அந்த மகிழ்ச்சியைத்தான்.

திரும்பி வரும்போது மணி ஐந்து. நீல விளக்கைச் சாக்கில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தான். அந்த வளைவில் ஒரு தள்ளுவண்டி சாக்கடைக்குள் சக்கரம் இறங்கிச் சாய்ந்து கிடந்தது. தார்ச்சாலையில் மக்காச்சோளங்கள் டயர் ஏறி நசுங்கிக் கிடந்தன. நிற்காமல் போயிருக்கலாம். நின்றான். பக்கத்தில் காரட் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் மயில்சாமியிடம் ஒரு கட்டுக் காரட் கேட்டான்.

"என்ன பெரியவரே, வண்டி கவுந்து கெடக்கு?"

"அத ஏன் கேக்குறீக. மத்தியானம் ஆம்புலன்ஸ் ஒன்னு வந்துச்சு. வழி விடணுமேன்னு நம்ம மகாராணி வண்டியப் பின்னால இழுத்தா. சக்கரம் சாக்கடையில எறங்கிருச்சு. கொதிச்சுக்கிட்டிருந்த அண்டா அப்படியே கால்மேல. முழங்காலுக்குக் கீழ வெந்துபோச்சு. அவளத் தூக்கிக்கிட்டுப் போக ஒரு வண்டி நகர முடியல. ரெண்டு மணி நேரம். நாங்க ஈரத்துணியப் போத்தி உக்கார வச்சிருந்தோம்."

"எந்த ஆம்புலன்ஸ்?" என்று கேட்டான் செல்வமுருகன். கேட்ட குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"எந்த ஆம்புலன்சா இருந்தா என்ன? உள்ள எந்த உசிரு ஊசலாடுச்சோ. அது பொழச்சிருந்தாச் சரி."

காரட்டை வாங்கிக்கொண்டு வந்தவன் அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. எதிர்வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டான்.

ஜூன் போனது, ஜூலை போனது. நாலுகண் விளக்கைத் தட்டின் நடுவில் வைத்திருந்தான். ஒரே ஒரு நாள் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தான். நாலு பல்பும் எரிந்து, சிவப்பு ஒளி சுவர் சுவராகச் சுற்றிவந்தது. மூன்றாவது சுற்றுக்கு மேல் பார்க்க முடியாமல் ஒயரைப் பிடுங்கினான். விளக்குச் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் எல்லோரும் படம் கேட்டார்கள். அவன் அனுப்பவில்லை. உண்மையான ஆம்புலன்ஸ் கடையைக் கடந்து போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான். சாப்பாடு குறைந்தது. ஏழுரோட்டு முனையில் யாராவது நொண்டி நடந்தால் அவன் பார்வை அந்தக் காலுக்குப் போனது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் தமயந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. கையில் இருந்த பல்லை உரித்துத் தட்டில் போட்டாள்.

"எங்கிட்டச் சொல்லிட்டா எறங்கிரும்னு பாத்தீங்களா?" என்றாள். "யாருக்கு செஞ்சீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

புதன்கிழமை காலை போனான். மகாராணியின் வீடு பெருமாள்மலையில், ஊர்க்காரர்கள் சிலோன் காலனி என்று சொல்லும் இடத்தில் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த சின்னச் சின்ன வீடுகள். தாயின் இடுப்பில் கப்பலேறி வந்தவள் மகாராணி. இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. வாசலில் வெயிலுக்கு நாற்காலி போட்டு, வலது காலை ஒரு முக்காலியின்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலிலிருந்து பாதம் வரை தோல் இளஞ்சிவப்பாக, சுருங்கிய துணியைப் போல இழுத்துப் பிடித்திருந்தது.

"யாரு தம்பி? என்ன வேணும்?"

வழி முழுக்க மனப்பாடம் செய்து வந்திருந்தான். வாயைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது.

"அக்கா, அன்னிக்கு... அந்த வண்டிய ஓட்டிட்டுப் போனது நான்தான்."

மகாராணி இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆம்புலன்ஸ் டிரைவர் தம்பியா! இங்க வாங்களே, இந்தத் தம்பி வந்திருக்காரு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவள் புருஷன் சூசைமுத்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காப்பித் தோட்டத்தில் கூலிவேலை செய்கிறவர். மெலிந்த உடம்பு. "சொல்லுங்க தம்பி, உள்ள இருந்தவங்களுக்குச் சுகமாச்சா? நான் இந்த மூனு மாசமா அதத்தான் நெனச்சிட்டுக் கெடக்கேன். வலி தாங்க முடியாத நேரமெல்லாம், அங்க ஒரு உசிரு தப்பிச்சிருந்தா இது போகட்டும்னுதான் இருந்தேன். யாரு தம்பி அது? புள்ளத்தாச்சியா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ஆமாக்கா."

"பெரிய உசிரும் சின்ன உசிருமா! ரெண்டும் நல்லாருக்கா?"

"நல்லாருக்குக்கா."

"என்ன புள்ள?"

"பொண்ணு."

மகாராணி அழுதாள். சூசைமுத்து பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பால் வாங்கி வந்து டீ போட்டுக் கொடுத்தார். செல்வமுருகன் அந்த டீயைக் குடித்தான். வாய் வெந்தது, மெதுவாகக் குடிக்கத் தெம்பில்லை.

"கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்கு நேர்ச்சை வச்சிருந்தேன் தம்பி. உள்ள போனவங்க பொழச்சாங்கன்னு என் காதுக்கு வந்தா, நடந்தே மலையேறி வந்து மெழுகுதிரி கொளுத்துறேன்னு. சேதி வரலியேன்னு காத்திட்டிருந்தேன். வர்ற ஞாயிறே போயிருறேன்."

"அக்கா, இந்தக் காலோடயா? பன்னெண்டு கிலோமீட்டர் ஏத்தம்..."

"மெல்ல மெல்லப் போவேன். வெள்ளனே எந்திரிச்சுக் கெளம்பினா மத்தியானத்துக்குள்ள போயிரலாம்."

அன்று வீட்டுக்கு வந்தவன் தமயந்தியிடம், "பாத்தேன்" என்று மட்டும் சொன்னான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் போய்ச் சொல்லிவிடுவோம் என்று ஜீப்பில் ஏறினான். வியாழக்கிழமை மழை. வெள்ளிக்கிழமை பூண்டியிலிருந்து ஒரு காய்கறி லாரி ரிப்பேருக்கு வந்தது. சனிக்கிழமை எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. ஊருக்குள்ளேயே ஆனந்தகிரி வரை போய்த் திரும்பி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அதற்குமேல் முடியாமல் கிளம்பினான். வெள்ளி அருவிக்கு இன்னும் வெகுதூரம் கீழே, சாலையோரக் கட்டைச்சுவரைப் பிடித்துக்கொண்டு மகாராணி ஏறி வந்துகொண்டிருந்தாள். பத்தடி நடந்தால் நிற்பாள். பின்னால் சூசைமுத்து தண்ணீர்ப் போத்தலும் ஒரு பையுமாக வந்தார். மகாராணியின் புடவைக் கரை வலது காலில் நீர் கசிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

செல்வமுருகன் ஜீப்பை நிறுத்தி இறங்கினான்.

"தம்பி! நீங்களும் கோயிலுக்கா?"

"அக்கா, உக்காருங்க. ஒன்னு சொல்லணும்."

அவள் கட்டைச்சுவரில் உட்கார்ந்தாள். அவன் நின்றபடியே சொன்னான். அது ஆம்புலன்ஸ் இல்லை, தன் ஜீப் என்றான். உள்ளே ஒருத்தரும் இல்லை என்றான். பிள்ளைத்தாய்ச்சி இல்லை, பெண்பிள்ளை இல்லை. பழைய விளக்கு ஒன்றை வேறொருத்தர் வாங்குவதற்கு முன்னால் வாங்கிவிட வேண்டுமென்று, கையில் இருந்த நீல விளக்கை வண்டித் தலையில் வைத்துக்கொண்டு போனேன் என்றான். நீங்கள் அலறியது கேட்டது, கேட்டும் நிற்கவில்லை என்றான். 

மகாராணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளங்கவில்லை போலிருந்தது.

"விளக்கா? எதுக்கு விளக்கு?"

"சேத்து வைக்கிறேங்க்கா. பழசு. சும்மா... பாக்குறதுக்கு."

"பாக்குறதுக்கு" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

சூசைமுத்து பையைக் கீழே வைத்துவிட்டு வந்து கையை ஓங்கினார். செல்வமுருகன் நகரவில்லை. அடி விழுந்தால் தேவலை என்றிருந்தது.

"அடிக்காதீங்க" என்றாள் மகாராணி. "அடிச்சிட்டா இவரு நிம்மதியாப் போயிருவாரு."

சூசைமுத்து கையை இறக்கினார். 

"அந்தப் புள்ளைக்கு நான் ஒரு பேருகூட வச்சிருந்தேன்" என்றாள் அவள், யாரிடமும் சொல்வதாக இல்லாமல். "புதன்கெழமலேருந்து அந்தப் பேரச் சொல்லித்தான் செபம் பண்ணிட்டிருந்தேன்."

கார்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு காரிலிருந்து யாரோ பாட்டுக்குத் தாளம் தட்டினார்கள். மகாராணி கட்டைச்சுவரைப் பிடித்து எழுந்தாள். மேலே பார்த்தாள். பிறகு கீழே பார்த்துத் திரும்பி நடந்தாள்.

"அக்கா, வண்டியில ஏறுங்க. வீட்டுல விட்டுர்றேன்."

"வேணாம்."

"கோயிலுக்காச்சும்..."

"யாருக்குன்னு போறது?"

நான்கடி போய் நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

"எங்கிட்டச் சொன்னாப் போதாது. அன்னிக்கு நான் மட்டுமா வழி விட்டேன்? அந்த வளைவுல கடை போட்டிருக்கிற அத்தன பேரும் விட்டாங்க. அவங்ககிட்டயும் வந்து சொல்லுங்க. நானும் வாரேன்."

மறுநாள் காலை, கூட்டம் வருவதற்கு முன்பு போனான். மகாராணியும் சூசைமுத்தும் முன்பே வந்திருந்தார்கள். கடைக்காரர்கள் பதினோரு பேர். செல்வமுருகன் நடுவில் நின்று சொன்னான். இரண்டாவது தடவை சொல்வது எளிதாக இருக்குமென்று நினைத்திருந்தான். இல்லை. பாதி சொல்லும்போதே பிளம்ஸ் விற்கும் பெண்ணொருத்தி, "அட நாசமாப் போறவனே!" என்று கையில் கிடைத்த காரட் தண்டை அவன்மேல் வீசினாள். ஒருவன் சிரித்தான். எதற்கு என்று தெரியவில்லை. இன்னொருவன், "போலீஸ்ல பிடிச்சுக் குடுங்கப்பா இவன" என்றான். ஒன்றிரண்டு பேர் கேட்டுவிட்டுப் பேசாமல் போய்த் தங்கள் சோலியைப் பார்த்தார்கள்.

மயில்சாமிதான் அவன் அருகில் வந்தார்.

"எங்கிட்டதானப்பா அன்னிக்குக் காரட் வாங்குன?"

"ஆமாங்க."

"எந்த ஆம்புலன்ஸுன்னு கேட்டியே."

செல்வமுருகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பொம்பளை கால் வெந்தது ஒரு பக்கம் கெடக்கட்டும். நாங்க இந்த ரோட்டுல முப்பது வருஷமா நிக்கோம். சத்தம் கேட்டா யாரு எவருன்னு பாக்க மாட்டோம், ஒதுங்கிருவோம். இனிமே ஒரு வண்டி வந்தா, இதுல நெசமாவே ஆளு இருக்கான்னு ஒரு நிமிஷம் பாக்கத் தோணும். அந்த ஒரு நிமிஷத்துக்கு நீ என்ன பதில் சொல்லுவ?"

 பெரியவர் பதிலுக்கு நிற்காமல் தன் வண்டிக்குத் திரும்பினார்.

அங்கிருந்து அவன் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். எழுத்தர் புகார்தாரர் யார் என்று கேட்டார். யாருமில்லை, நான்தான் வந்திருக்கிறேன் என்றான். அவர் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். நீல விளக்கை வாங்கி வைத்துக்கொண்டு வழக்குப் பதிவு செய்தார்கள். கோர்ட்டில் அபராதம் விதித்தார்கள், உரிமத்தையும் மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோர்ட்டு வேலை முடிய ஒரு காலை நேரம்தான் ஆனது.

உரிமம் திரும்பக் கைக்கு வந்த வாரத்தில் சூசைமுத்து மூஞ்சிக்கல்லில் விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அவ காலுக்குப் புதன்கெழம தோறும் ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்கணும்னிருக்காங்க. தோல் இழுத்துக்கிச்சு, பஸ்ல மடக்கி உக்கார முடியல. வண்டியக் கொண்டுவரச் சொன்னா. ஒம்போது மணிக்கு."

"எட்டே முக்காலுக்கே வந்துருவேங்க."

"ஒம்போது மணிக்கு வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் புதன்கிழமை மகாராணி பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை. அவன் ஒருமுறை, "வலிக்குதாக்கா?" என்று கேட்டான். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். அடுத்த புதனும் அப்படியே. மூன்றாவது புதன்கிழமை கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம். வழியெல்லாம் அடைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றார்கள். அவனுக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நேரம் தவறிவிடும் என்று முணுமுணுத்தான். "தவறட்டும்" என்றாள் மகாராணி. "எல்லாரும்தான் நிக்கிறாங்க."

பின்னறையை அவன் பூட்டிவைத்திருந்தான். மதுரைக்காரர் போன் பண்ணி நாலுகண் விளக்கைக் கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னான். கொடுத்ததில் ஏதாவது குறையும் என்று பார்த்தான். ஒன்றும் குறையவில்லை. தட்டின் நடுவில் இடம்தான் காலியானது. மற்ற விளக்குகளை அவன் கொடுக்கவில்லை, தொடவுமில்லை. தமயந்தி ஒருநாள் உள்ளே போய்த் தூசி தட்டிவிட்டு வந்து, "சாவிய இருந்த எடத்துலயே வச்சிருக்கேன்" என்றாள்.

பதினொன்றாவது புதன்கிழமை, பயிற்சி முடிந்து வெளியே வந்த மகாராணி ஆஸ்பத்திரிப் படிகளில் கம்பியைப் பிடிக்காமல் இறங்கினாள். வலது கால் முழுவதும் மடங்கவில்லை, ஆனால் மடங்கியது. சிலோன் காலனி வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டு அவன் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள்.

"திங்கக்கெழம கடை போடப் போறேன். இனிமே பஸ்ல போயிக்கிருவேன். அடுத்த புதன் நீங்க வரவேணாம்."

"சரிங்க்கா."

அவள் இன்னும் ஏதோ சொல்வாள் என்று கை ஸ்டியரிங்கில் இருக்கக் காத்திருந்தான். நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை. மகாராணி வாசலில் கிடந்த ஈரத்துணிகளைக் கொடியில் எடுத்துப்போட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். கடைசித் துணியையும் போட்டு முடித்து உள்ளே போனாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அவன் வண்டியைத் திருப்பினான்.